துணி எடை கழித்து

காலை ஐந்தரைக்குப் பீன்யாவில்
எடைமேடை மீது வண்டியை ஏற்றினேன்.
முன்னே போன லாரியில் வெங்காயம்,
பின்னே நிற்பதில் கம்பிக் கட்டு.
நடுவில் நாங்கள்,
கட்டிலும் கழுவுதொட்டியுமாக.

"உள்ளே என்னக்கா லோடு?"
ஜன்னலில் தலை நீட்டிக் கேட்டான் சதாக்கத்.
"வீடு" என்றாள் மர்ஸலின்.
யோசித்துவிட்டு
சீட்டில் "இதர" என்று அடித்தான்.

முன்பு இது பள்ளிக்கூட வேன்.
சாம்பல் பெயின்ட் உரிந்த இடங்களில்
மஞ்சள் இன்னும் எட்டிப் பார்க்கிறது.
என் சேமநல நிதி என்ஜினுக்குப் போனது,
அவளுடையது மேலே கட்டிய எல்லாவற்றுக்கும்.

முப்பத்தொரு வருஷம்
பிரசவ வார்டில் எடை போட்டவள் நான்.
பிள்ளையைத் துணியோடு தட்டில் கிடத்தி
துணி எடையைக் கழித்துத்தான் எழுதுவோம்.
இருபது கிராம் தப்பினாலும்
மருந்து தப்பும்.

இங்கே எண் சிவப்பாக எரிந்தது:
மூவாயிரத்து இருநூற்று அறுபது.
தாங்கலாம் என்று ஆர்.சி. சொல்வது
மூவாயிரத்து ஐந்நூறு.
மிச்சம் இருநூற்று நாற்பது.
தண்ணீர் நூறு.
சிலிண்டர் முப்பது.
நான் அறுபத்தைந்து.
மர்ஸலின் எழுபது என்றாள்.
நான் எழுபத்தெட்டு என்று எழுதினேன்.
பேசாமல் பார்த்தாள்,
மறுக்கவில்லை.

முப்பத்து மூன்று கிலோ கூடுதல்,
ஒரு படி அரிசிகூட இன்னும் ஏற்றாமலே.

கவுண்டரில் புட்டரங்கப்பா
கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார்.
"சீட்டு பதினேழு இருந்ததே,
நாலுதான் இருக்கு. மத்ததெல்லாம்?"
"ரெண்டு கட்டிலாச்சு சார்."
எழுதிக்கொண்டார்.
பள்ளி வண்டி என்பதை அடித்து
சொந்த வண்டி என்று மாற்ற
மூன்று படிவம், நான்கு புகைப்படம்,
இடப்பக்கம், வலப்பக்கம், முன், பின்,
குற்றவாளியைப் பிடிப்பதுபோல.

பிறகு ஆயுள் வரி.
"யாரோட ஆயுள்?"
"வண்டியோடதும்மா" என்றார், சிரிக்காமல்.
வீடென்றால் மாநகராட்சி கேட்கும்,
ஓடினால் இவர்கள் கேட்பார்கள்;
ஓடுகிற வீட்டுக்கு
எந்த வாசலில் நிற்பது என்று
வரிசையில் யாருக்கும் தெரியவில்லை.
நிரந்தர முகவரிக் கட்டத்தில்
லிங்கராஜபுரத்தில் மர்ஸலினின் தம்பி வீட்டை எழுதினோம்.
அந்தத் தம்பிக்கு
அதை இன்னும் சொல்லவில்லை.

லைசென்ஸ் எனக்கு மட்டும்தான்.
கார் ஓட்ட வாங்கியதே இந்த எடைக்கும் போதுமாம்,
அது ஒன்றுதான் லகுவாக முடிந்த காரியம்.
புதுப்பிக்க மருத்துவச் சான்று கேட்டார்கள்.
டாக்டர் என் கண்களைப் பார்க்காமலே
கண்பார்வை நன்று என்று கையெழுத்திட்டார்.
எத்தனை சான்றுகளை அப்படி நீட்டி
நானே கையெழுத்து வாங்கியிருப்பேன்.

அன்றிரவு எஜிபுரா சந்தில் நிறுத்தி
ஒவ்வொன்றாக இறக்கினோம்.
மர அலமாரி, நாற்பத்தொன்று.
அதைக் கட்ட இரண்டு மாதம்,
கழற்ற இருபது நிமிஷம்.
தண்ணீரைப் பாதியாக்கினோம்.
குளிப்பதும் பாதி என்றேன்.
"வார்டில் நைட் டூட்டியில்
எப்போ முழுசாக் குளிச்சோம்?" என்றாள்.
இஸ்திரிப் பெட்டியை நான் இறக்கினேன்.
அவள் ஏற்றினாள்.
நான் இறக்கினேன்.
காலையில் பார்த்தால்
தலையணைக்குள் இருந்தது.

மறுபடி பீன்யா.
ஆட்கள் இறங்கணுமா என்று சதாக்கத்தைக் கேட்டேன்.
அவன் வாய் திறக்கும் முன்
மர்ஸலின் கட்டிலில் சம்மணமிட்டாள்:
"முப்பத்தொரு வருஷமாக் கழிச்சிட்டே இருந்தே.
என்னைக் கழிக்காதே."

கழிக்கவில்லை.
அரிசி, பாத்திரம், உடுப்பு, அவள், நான்,
தலையணைக்குள் இருப்பது உட்பட
மூவாயிரத்து நானூற்று எண்பது.
இருபது கிலோ மிச்சம்.
சீட்டில் இந்த முறையும் "இதர".

தும்கூர் ரோட்டில் திரும்பும்போது
கண்ணாடியில் முதல் தூறல்.
கூரை மேல் கட்டிய தார்ப்பாய்
நனைந்தால் எத்தனை கிலோ கூடும்?
மர்ஸலின் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.
நான் வைப்பரைப் போட்டேன்.